பொன்னுரங்கம் சாரின் ஓடுகளம்

பொன்னுரங்கம் சார் எங்கள் பள்ளிக்கு வந்தபோது அங்கே பள்ளிக்கூடமே பாதிதான் இருந்தது. ஓடு வேய்ந்த நீளக் கூடம் ஒன்று, பின்னால் சத்துணவுக் கொட்டகை, முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். பத்தாம் வகுப்பு அந்த மரத்தடியில் நடந்தது. மரத்திலிருந்து பூச்சி விழுந்தால் பெண்கள் வரிசை கலையும். தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தாழப் பறந்தால் பாடம் நிற்கும். நான் அமலராணி, அங்கே விஞ்ஞான டீச்சர். பல்லாவரத்திலிருந்து ரயிலில் தாம்பரம் வந்து, பஸ் பிடித்து ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்து வருவேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோயில் கமிட்டிக்காரர்கள் நோட்டீஸ் அடித்துத் திட்டுவார்கள். இந்த வயதில் எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம்.

1984-ஆம் வருஷம் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆனது. அதற்கு மைதானம் காட்ட வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் ஊர்ப் பொதுக் களம் இருந்தது. விவசாயம் குறைந்து, நெல்லடிக்க ஆளில்லாமல் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. ஊர்ப் பெரிய தலைகள் கூடி, "இனிமே இது புள்ளைங்களுக்கு" என்று கற்பூரம் ஏற்றிச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. கற்பூரத்தின் மேல் சொன்ன வாக்கைப் பத்திரத்தில் எழுதிக் கேட்பது சொன்னவர்களை அவமானப்படுத்துவது என்று அந்த ஊரில் நினைத்தார்கள். நாங்களும் அப்படியே நினைத்தோம்.

அந்தக் களத்தைப் பார்த்துக்கொள்ள வந்த உடற்கல்வி ஆசிரியர்தான் பொன்னுரங்கம். அதே ஊர்க்காரர். நிலம் வைத்திருந்த குடும்பம், ஆனால் இவருடைய அப்பா காலத்திலேயே கையை விட்டுப் போய்விட்டது. ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளை பேன்ட், அதில் முழங்காலுக்குக் கீழே செம்மண். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. அரசுப் பள்ளியில் பி.டி. சாருக்கு என்ன மரியாதை உண்டோ அந்த மரியாதைதான். பி.டி. பீரியட் என்றாலே கணக்கு வாத்தியார், "சார், போர்ஷன் முடியல, இன்னைக்கு ஒரு நாள் குடுங்க" என்று வாங்கிக்கொள்வார். வருஷம் முழுக்க அந்த ஒரு நாள் வரும். நானும் வாங்கியிருக்கிறேன், மறைப்பானேன்.

அவர் சண்டை போடவில்லை. காலையில் பிரேயருக்கு முன்னால், சாயங்காலம் மணி அடித்த பின்னால், பிள்ளைகளைக் களத்தில் இறக்கினார். முதல் வருஷம் முழுக்கக் கல் பொறுக்கினார்கள். முள்ளை வெட்டினார்கள். ஏரி மண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோடு போடுகிற காண்டிராக்டரிடம் கெஞ்சி ரோலர் வாங்கி உருட்டினார்கள். கடைசியில் சுண்ணாம்புத் தூள் கொண்டு அவர் கையாலேயே கோடு போட்டு ஓர் ஓடுகளம் அமைத்தார். எங்கள் பிள்ளைகள் அதுவரை ஓடியதெல்லாம் பஸ்ஸுக்கும் ரேஷன் கடைக்கும்தான். கோட்டுக்குள் ஓடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

சில வருஷம் கழித்து அந்தக் களத்துக்கு ஓட வந்தவள் ஜெயக்கொடி. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற கன்னியம்மாவின் ஒரே மகள். கன்னியம்மாவின் புருஷன் மறைமலை நகர் பக்கம் ஏதோ கம்பெனி கட்டட வேலைக்குப் போய் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் நல்லது என்று ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷமே பொன்னுரங்கம் சார் என்னிடம் ஓடி வந்தார்.

"டீச்சர், இந்தப் பொண்ணு கால் தரையில படுதான்னு பாருங்க டீச்சர். சத்தமே வரல. இவள மட்டும் ஒழுங்கா ஓட விட்டா ஸ்டேட்ல மெடல் வாங்குவா. ஸ்போர்ட்ஸ் கோட்டால மேல படிக்கலாம், போலீஸ் வேலைக்குக் கூடப் போலாம். கன்னியம்மா அடுப்புல வேகிறதுக்கு ஒரு முடிவு வரும்."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து அவருக்கு இரண்டே கவலை: ஒன்று அந்தப் பெண், இன்னொன்று அந்தத் தரை.

தரைக்கு ஆபத்து 1990-இல் வந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே எங்கே பார்த்தாலும் பிளாட். நேற்று கத்தரிக்காய் காய்த்த இடத்தில் இன்றைக்குச் சிவப்புக் கொடி. எங்கள் ஊரில் அந்த வியாபாரத்தை நடத்தியவர் ஏகநாதன். கற்பூரம் ஏற்றி வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவருடைய மகன், பொன்னுரங்கத்துக்கு மச்சான் முறை. காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று போய்ப் பார்த்தால், ஓடுகளத்தின் குறுக்கே வெள்ளையடித்த பிளாட் கற்கள் வரிசையாக நட்டிருந்தன.

பொன்னுரங்கம் அலைந்த அலைச்சலை என்னவென்று சொல்ல. கல்வி அலுவலகம், தாலுகா அலுவலகம், பஞ்சாயத்து என்று மனுவைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: களம் பள்ளிக்குச் சொந்தம் என்பதற்கு ஆதாரம் என்ன? கற்பூரம் என்றா சொல்ல முடியும்? ஏகநாதனிடமே போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"மச்சான், உங்க அப்பா குடுத்த வாக்கு அது."

"எங்க அப்பா குடுத்தாரு, போய்ட்டாரு. நான் குடுத்தனா?" என்றார் ஏகநாதன். "புள்ளைங்க ஓடணும்னா ஏரிக்குள்ள ஓடட்டும் மச்சான், தண்ணிதான் இல்லையே."

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பொன்னுரங்கம் களத்தில் தனியாக நின்று கற்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கிப் பிடுங்கிக் கையெல்லாம் ரத்தம். திங்கட்கிழமை மறுபடியும் நடுவார்கள், இதில் என்ன பயன் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பைத்தியம் பிடித்தவர் கண் மாதிரி இருந்தது.

"கன்னியம்மா!" என்று கொட்டகைப் பக்கம் கத்தினார். "கொஞ்சம் மஞ்சத்தூள் எடுத்துக்கினு வா!"

ஒரே ஒரு கல்லை மட்டும் பிடுங்காமல் விட்டார். களத்தின் தென்கிழக்கு மூலையில், ஓடுபாதைக்கு வெளியே இருந்த கல். அதன் மேலிருந்த வெள்ளையைச் சுரண்டிவிட்டு, சாம்பாருக்கு வைத்திருந்த மஞ்சளைக் குழைத்துப் பூசினார். கன்னியம்மாவே கொட்டகைச் சாமி படத்துக்கு வைத்திருந்த குங்குமத்தை எடுத்துவந்து பொட்டு வைத்தாள். பிளாட்டுக்காக அங்கே கட்டியிருந்த சிவப்புக் கொடியைக் கழற்றி அதையே பாவாடையாகச் சுற்றினார்கள். நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் கொஞ்ச தூரம் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சிரிக்காதீங்க டீச்சர்," என்றார். "எங்க ஊர்க்காரன் கலெக்டருக்குப் பயப்பட மாட்டான். மஞ்சளுக்குப் பயப்படுவான்."

அவர் சொன்னது சரியாக இருந்தது. திங்கட்கிழமை கடப்பாரையோடு வந்த ஏகநாதனின் ஆட்கள் அந்த மூலையைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. ஏகநாதன் ஸ்கூட்டரில் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பிளாட் கல் நட யாரும் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு முதல் தடவையாகப் பொன்னுரங்கம் சாருக்கு நாற்காலி போட்டார்கள். கணக்கு வாத்தியார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமான நாள் அந்தப் பள்ளியில் எனக்கு வேறு கிடையாது.

அடுத்த வருஷம் ஜெயக்கொடி வட்டார அளவில் எல்லோரையும் தாண்டி முதலில் வந்தாள். பொன்னுரங்கம் அவளைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து ஊருக்குள் கூட்டிவந்தார். கன்னியம்மா கோப்பையை வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நேரே களத்து மூலைக்குப் போய் அந்தக் கல்லின் முன்னால் வைத்தாள்.

"இன்னா கன்னியம்மா, அது பிளாட் கல்லுன்னு உனக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"கல்லு இன்னா கல்லா இருந்தா இன்னா டீச்சர்? மஞ்சா பூசுன அன்னிக்கே அம்மா வந்து குந்திக்கினா. இல்லாங்காட்டி எம் பொண்ணு ஜெயிச்சிருக்குமா? எங்க வம்சத்துல யாருனா இதுக்கு மின்னாடி ஜெயிச்சிக்கீறாங்களா?"

நான் பொன்னுரங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். காலையும் மாலையும் அந்தப் பெண்ணோடு கூடவே மூச்சிரைக்க ஓடியவர் பக்கத்தில்தான் நின்றார். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க டீச்சர், அவங்க சந்தோஷம்" என்றார்.

அந்தக் கோப்பையைப் பார்க்கத்தான் முதலில் ஜனங்கள் வந்தார்கள். சமையல்காரி மகளை ஜெயிக்கவைத்த அம்மன் என்று பேச்சு பரவியது. சுற்றிலும் பிளாட் வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்குப் பக்கத்தில் கோயில் இல்லாத குறை. விளக்கு வைத்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். கூழுக்கு நிழல் வேண்டும் என்று கீற்றுக் கொட்டகை வந்தது. கொட்டகைக்கு மைக் செட் வந்தது. நான் கரும்பலகையில் ஒளிவிலகல் படம் போட்டுக்கொண்டிருக்க, ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு அலறும். ஏகநாதன் சும்மா இருப்பாரா? விற்க முடியாத இடத்தில் எப்படிச் சம்பாதிப்பது என்பது அவருக்குத்தான் தெரியும். கோயில் கமிட்டித் தலைவரானார். களத்தின் ரோட்டோரம் பூக்கடை, தேங்காய்க் கடை என்று வாடகைக்கு விட்டார். கொட்டகை வருஷத்துக்கு வருஷம் ஓடுகளத்தின் பக்கமாக நகர்ந்தது. முதலில் நீளம் தாண்டும் மணல் குழி போனது. பிறகு ஓடுபாதையின் ஒரு வளைவு போனது. பொன்னுரங்கம் ஒவ்வொரு தடவையும் கோட்டை உள்ளே தள்ளித் தள்ளிப் போட்டார். வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது.

ஜெயக்கொடி ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டத்தில் ஜெயித்தாள். அடுத்த வருஷம் மாநிலப் போட்டி, அதுதான் அவர் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, மூலையில் பக்காக் கோயிலும், மிச்ச இடத்தில் கல்யாண மண்டபமும் கட்டப்போவதாகவும், அதற்காகக் களம் முழுக்க வேலி போடப்போவதாகவும் ஏகநாதன் அறிவித்தார்.

எங்கள் ஹெச்.எம். எல்லா இடத்துக்கும் எழுதினார். கோயில் விஷயம் என்றதும் ஒவ்வொரு அலுவலகமும் அதை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பியது. நான் கூட்டத்தில் பேசுகிறேன் என்றேன். ஹெச்.எம். பதறிப்போனார்.

"டீச்சர், தயவுசெஞ்சு நீங்க வாயத் திறக்காதீங்க. கிறிஸ்டியன் டீச்சர் கோயில எதிர்க்கிறாங்கன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான்னா ஸ்கூலையே கொளுத்திருவாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஊர்க் கூட்டத்தில் பொன்னுரங்கம் எழுந்தார். நான் பின்னால் பெண்களோடு நின்றிருந்தேன். பேச வராதவர்.

"அது அம்மன் இல்ல. பிளாட் கல்லு. ஏகநாதன் மச்சான் ஆளுங்க நட்ட கல்லு. அதுக்கு மஞ்சா பூசுனது நான். கிரவுண்ட காப்பாத்தறதுக்காக நாந்தான் பொய்யா பண்ணேன். மன்னிச்சிருங்க. புள்ளைங்களுக்கு எடத்த விட்ருங்க."

ஏகநாதனின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், எல்லாம் முடிந்தது, களம் தப்பித்தது என்று நினைத்தேன். அப்போதுதான் என் பக்கத்தில் நின்றிருந்த கன்னியம்மாவின் உடம்பு உதற ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள். கண் மேலே செருகியிருந்தது.

"நான் பூசுனேன்னு சொல்றியேடா! உன்ன பூச வெச்சது யாருடா? உங்கையில மஞ்சா குடுத்தது யாருடா? நாந்தான்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அவள் வேஷம் போடவில்லை. அவளை எனக்குத் தெரியும், பொய் சொல்லத் தெரியாதவள். அவள் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்லதை இந்த மனிதர் எல்லோர் முன்னாலும் பொய் என்று சொல்லிவிட்டார், அவள் உடம்பு அதைத் தாங்கவில்லை. இதை நான் யாரிடம் விளக்குவது? ஏகநாதன் எழுந்து வந்து பொன்னுரங்கத்தின் தோளில் கைபோட்டார்.

"அம்மாவே சொல்லிட்டா மச்சான். நீ குடுத்து வெச்சவன்."

அடுத்த நாள் மதியம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பொன்னுரங்கம் கடப்பாரையோடு கொட்டகைக்குள் போவதைப் பார்த்து நான் ஓடினேன். எனக்கு முன்னாலேயே ஜெயக்கொடி ஓடிவிட்டாள். நான் உள்ளே போனபோது அவள் கல்லை மறைத்து நின்றுகொண்டிருந்தாள். அவர் கடப்பாரையை ஓங்கியபடி நின்றார்.

"தள்ளு ஜெயக்கொடி. உனக்காகத்தான் பண்றேன்."

"தெரியும் சார்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "வேணாம் சார். இத எடுத்தா எங்கம்மா செத்துரும் சார்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். நான் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன், அந்த அழுகையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாசலில் கற்பூரம் விற்கிறவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் சேதி ஊரெல்லாம் போய்விட்டது. அடிக்க வந்தவர்களைத் தடுத்தவரும் ஏகநாதன்தான். "அம்மனக் கண்டெடுத்த ஆளு, கைய வெக்காதீங்கடா" என்றாராம்.

வேலி வந்தது. அதன் பிறகு ஜெயக்கொடி ரோட்டோரம் ஓடினாள். ராஜகீழ்ப்பாக்கம் வரை போய்த் திரும்புவாள். பின்னாலேயே பொன்னுரங்கம் சைக்கிளில், லாரி வந்தால் மணியடித்து ஓரம் கட்டுவார். தார் ரோட்டில் ஓடி ஓடிக் கணுக்கால் வீங்கியது. மஞ்சள் பற்றுப் போட்டு மறுநாளும் ஓடினாள். அவர் கூப்பிட்டால் அந்தப் பெண் வராமல் இருந்ததில்லை. மெட்ராஸில் நடந்த மாநிலப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். விசில் ஊதியதும் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தாள். முதல் வளைவிலேயே கால் மடங்கியது. நொண்டியபடி கடைசியாக வந்து சேர்ந்தாள்.

கன்னியம்மாவுக்குக் காரணம் தெளிவாக இருந்தது. அம்மனைப் பெயர்க்கக் கடப்பாரை தூக்கினார், அம்மன் பெண்ணின் காலை வாங்கிவிட்டாள். "இனிமே ஓட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம் டீச்சர். கும்பாபிசேகத்துக்குப் பொண்ணு பால்குடம் எடுக்கும்னு நேந்துக்கினேன். அம்மா மன்னிச்சா போதும்." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கால் சரியாகிவிடும், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன். கேட்கவில்லை.

1994 ஆவணியில் கும்பாபிஷேகம். பள்ளிக்கு லீவு விட்டார்கள், ஆசிரியர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். முதல் மரியாதை அம்மனைக் கண்டெடுத்த பொன்னுரங்கம் சாருக்கு என்று மைக்கில் அறிவித்தார்கள். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். பட்டுத் துணியைத் தலையில் கட்டினார்கள், மாலை போட்டார்கள். குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை. "எதுக்கு சார் வந்தீங்க?" என்று கோபமாகவே கேட்டேன். "வரலன்னா அந்தப் பொண்ணையும் சேத்துப் பேசுவாங்க டீச்சர்" என்றார்.

அதற்குள் பால்குடம் எடுத்த பெண்கள் முண்டியடித்து ஒரே தள்ளுமுள்ளு. ஏகநாதன் ஓடி வந்தார்.

"மச்சான், கூட்டத்த கொஞ்சம் லைன்ல நிக்க வெய்யி. உனக்குத்தான் அது வரும்."

பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். கூட்டம் சட்டென்று அடங்கியது. வரிசையின் முன்னால் மஞ்சள் பாவாடை தாவணியில், தலையில் குடத்தோடு ஜெயக்கொடி நின்றிருந்தாள். விசில் சத்தம் கேட்டதும் அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது, வலது கால் தானாகப் பாய்ந்து போனது. குடம் ஆடிப் பால் அவள் முகத்தில் வழிந்தது. பின்னால் நின்ற கன்னியம்மா அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னாடி அவசரம்? மெதுவா நட."

ஜெயக்கொடி சாரைப் பார்த்தாள். அவர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, குடத்தைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக நடந்தாள்.